இரண்டே முக்கால் மணிப் பதிவு

மரவள்ளி மாவில்
ஒரு சொட்டு அயோடின் விட்டால்
நீலமாகக் கறுக்கும்.
ஆத்தூர் சாலை ஜவ்வரிசி ஆலையில்
எட்டு வருடமாக நான் பார்க்கிற வேலை அது.
ஈரம் எவ்வளவு, வெண்மை எவ்வளவு,
புளிப்பேறி விட்டதா?
மூட்டைக்கு ஓர் எண்.
எண் சரியில்லையென்றால்
லாரி வந்த வழியே திரும்ப வேண்டும்.
ஓட்டுநர் கெஞ்சுவார்.
நான் பதிவேட்டை மூடிவிடுவேன்.

முப்பத்து மூன்றாம் வாரம்
ஐந்து ரோட்டுக்குப் பக்கத்து ஆய்வகத்தில்
டம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர்.
எலுமிச்சை பிழிந்து தந்த ஜெசிந்தா சொன்னாள்,
"போன தடவை மாதிரி வாந்தி எடுத்துடாதீங்க."
போன தடவை, ஆறாம் மாதத்தில்,
பாதி குடிக்கும்போதே வெளியே வந்துவிட்டது.
அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.
அப்புறம் ஆலையில் தணிக்கை.
அப்புறம் வளைகாப்பு.
அந்த அப்புறம்
இன்றைக்குத்தான் வந்து என்னெதிரே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு மணிநேரம்
சுவர்க் காலண்டரில் ஏற்காட்டு ஏரியைப் பார்த்தேன்.
படகில் யாருமில்லை.
வெளியே தள்ளுவண்டிக்காரர்
குண்டு மாம்பழத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்.

நூற்று எண்பத்தேழு.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று.
என் எழுத்தைப் போலவே
சாய்வில்லாத, இரக்கமில்லாத எண்.
யாரிடம் கெஞ்சுவது?
வந்த வழியே திரும்ப
இது லாரி இல்லை.

"அப்படி என்ன கண்ணு தின்னே?"
மாமியார் பாவாயி கேட்டார்.
கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.
ஏழு வகைச் சோற்றில் இனிப்பை மட்டும்
மூன்று தடவை ஊட்டிய கை
அவருடையது.
எடுப்பான வயிறு என்று
தெருவே திருஷ்டி கழித்த வயிறு.
பிள்ளை கொஞ்சம் பெரிசு என்கிறார் டாக்டர் ஷமீம்,
அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.

செங்கோடன் அன்றே
சர்க்கரை டப்பா, வெல்லம், தேன் பாட்டில்
எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டான்.
அயோத்தியாப்பட்டணத்து மாமா அனுப்பிய மாங்கூடையை மட்டும்
கொடுக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.
அது கட்டிலடியில் வைக்கோலுக்குள்
என்னோடு சேர்ந்து
நாளுக்கு நாள் மணத்தது.

காலை, பகல், சாயங்காலம், ராத்திரி
விரல் நுனியில் ஒரு குத்து.
ஒவ்வொரு குத்துக்கும்
வளைகாப்பு வளையல்கள் சிணுங்கும்.
அந்தச் சத்தம் உள்ளே கேட்குமாம்,
அதற்காகத்தான் போட்டார்களாம்.
அப்படியென்றால்
நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்திரண்டு என்று
நான் முணுமுணுப்பதும் கேட்டிருக்கும்.
பிறக்குமுன்னே எண் கற்ற பிள்ளை.

இன்சுலின் தொடங்கிய ஐந்தாம் இரவு
வேர்வையில் புடவை ஒட்டி விழித்தேன்.
கை என்னுடையதாக இல்லை.
விளக்கைப் போட்டான்.
ஐம்பத்தெட்டு.
"சர்க்கரை, சர்க்கரை" என்று ஓடியவன்
காலி அலமாரி முன்னால்
திருட வந்து ஏமாந்தவனைப் போல நின்றான்.

பிறகு கட்டிலடியில் தவழ்ந்தான்.
கத்தியெல்லாம் தேடவில்லை.
பல்லால் தோலைக் கிழித்துத் துப்பி
என் வாயில் பிழிந்தான்.
கன்னத்தில், கழுத்தில், தாலிக் கயிற்றில்
சாறு.
உள்ளே ஒரு உதை,
இன்னொன்று.
அவன் கையைப் பிடித்து அங்கே வைத்தேன்.
இருவரும் பேசவில்லை.
வைக்கோல் ஒன்று அவன் மீசையில் தொங்கியது.

கால் மணி கழித்துக் குத்திப் பார்த்தோம்.
தொண்ணூற்று நான்கு.
அதற்குமேல் சாப்பிடத் தேவையே இல்லை.

நோட்டை எடுத்தேன்.
எட்டு வருடத்தில்
ஒரு மூட்டைக்கும் பொய் எண் எழுதாத கையால்
எழுதினேன்:
இரவு 2.45. ஐம்பத்தெட்டு.
மாம்பழம், ஒரு துண்டு.

கொட்டை
கட்டில் ஓரத்தில் கிடந்தது,
நார் நாராக,
சப்பி வெளுத்து.